டோடோவை முட்டாள் என்று எழுதாதீர்கள்: ஒரு திறந்த மடல்

தமிழில் குழந்தைகளுக்கு அறிவியல் எழுதுகிறவர்களுக்கும், துணைப்பாட நூல் தயாரிக்கிறவர்களுக்கும், சிறுவர் இதழ் ஆசிரியர்களுக்கும், விலங்குகளைப் பற்றிச் சின்னச் சின்னக் காணொளிகள் செய்கிறவர்களுக்கும் வணக்கம்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து புத்தகம் வாசிக்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்போம், அப்புறம் பேசுவோம். போன மாதம் ஒரு நாள், நான்காம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி அழிந்துபோன பறவைகள் பற்றிய பக்கத்தை எடுத்துக்கொண்டாள். டோடோவுக்கு ஏழெட்டு வரி இருந்தது. குண்டுப் பறவை, ஓடத் தெரியாது, மனிதர்களைக் கண்டு பயப்படக்கூடத் தெரியாத முட்டாள், மாலுமிகள் அடித்துத் தின்றே தீர்த்துவிட்டார்கள், அது போனதும் அதை நம்பியிருந்த ஒரு மரமும் முளைக்காமல் போனது. வாசித்து முடித்தவள் புத்தகத்தை மூடாமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப அது முட்டாளா இருந்ததாலதானே செத்துப்போச்சு, அக்கா?"

"இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன். மேற்கொண்டு சொல்ல அன்று என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த வரிகளை நானும் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். நான் சின்ன வயதில் படித்ததும் அதுதான். அவள் கேட்ட பிறகுதான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அந்த ஏழெட்டு வரியில் பாதிக்கு மேல் தவறு என்று தெரிந்தது. அதைவிட என்னை வருத்தியது, அவை அந்தப் பிள்ளையின் மனதில் போட்ட முடிச்சு. அழிந்தவன் மேல்தான் தப்பு, ஏமாளியாக இருந்தான், அதனால் போனான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சொல்வோமே, அதை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அறிவியல் என்ற பெயரில் கொடுத்துவிட்டோம். அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒன்று. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் மொரீசியஸ் தீவில் வாழ்ந்து அழிந்துபோன டோடோ ஒரு புறா. இதைச் சொல்லாமல் டோடோவைப் பற்றி எதைச் சொன்னாலும் பிள்ளைகள் ஏதோ ஒரு விசித்திர ஜந்துவைத்தான் கற்பனை செய்கிறார்கள். ஒரு காலத்தில் அறிஞர்களே அதை நெருப்புக்கோழி இனம் என்றும் கழுகு இனம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1842இல் ரைன்ஹார்ட் என்ற டென்மார்க்காரர் மண்டையோட்டை வைத்துக்கொண்டு இது புறா என்றார், சிரித்தார்கள். 1848இல் ஸ்ட்ரிக்லாண்டும் மெல்வில்லும் சேர்ந்து எழுதிய நூல் அதையே நிறுவியது. 2002இல் மரபணுவை எடுத்துப் பார்த்தபோது சந்தேகமே இல்லாமல் போனது. அதற்கு மிக நெருங்கிய சொந்தம், பக்கத்து ரொட்ரீக்ஸ் தீவில் வாழ்ந்து அதுவும் அழிந்துபோன சாலிடேர் என்ற பறக்காத பறவை. இன்று உயிரோடிருக்கும் பறவைகளில் மிக நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா. கழுத்தில் நீளநீளமாக இறகு தொங்க, பச்சையும் செம்பும் மின்னும் அந்தப் புறா நம் நாட்டின் நிக்கோபார் தீவுகளில் இப்போதும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறு என்ன வேண்டும்?

புறா என்று சொல்லிவிட்டால் 'முட்டாள்' என்ற பேச்சுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். சென்னையில் பந்தயப் புறா வளர்க்கிறவர்களிடம் போய்ப் புறாவுக்கு அறிவில்லை என்று சொல்லிப் பாருங்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டாலும் தன் கூட்டுக்கே திரும்பி வருகிற பறவை அது. 2016இல் டோடோவின் மண்டையோட்டை ஸ்கேன் செய்து, மூளை இருந்த குழியின் அளவைக் கணக்கிட்டு, மற்றப் புறாக்களோடு ஒப்பிட்டார்கள். உடலின் அளவுக்கு ஒரு புறாவுக்கு எவ்வளவு மூளை இருக்க வேண்டுமோ அவ்வளவு டோடோவுக்கும் இருந்தது. கூடுதலாக, வாசனையை அறியும் பகுதி மற்றப் புறாக்களைவிடப் பெரிதாக இருந்தது. தரையில் பழம் தேடித் தின்கிற பறவைக்கு மூக்குதான் உதவும், அதனால் இருக்கலாம் என்கிறார்கள்.

முட்டாள் என்ற பெயர் பழையது, அதை நாம் கண்டுபிடிக்கவில்லை என்பதும் உண்மைதான். உயிரினங்களுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸ் 1766இல் இதற்கு 'டைடஸ் இனெப்டஸ்' என்று பெயர் வைத்தார். இனெப்டஸ் என்றால் லத்தீனில் திறமையற்றது, உதவாதது. பெயரிலேயே திட்டு. இன்று அந்தப் பெயர் வழக்கில் இல்லை, 'ராஃபஸ் குக்குல்லாட்டஸ்' என்பதுதான் சரியான பெயர். அறிவியல் அந்தத் திட்டை எடுத்துவிட்டது. நம் புத்தகங்கள் மட்டும் இன்னும் வைத்திருக்கின்றன.

சரி, மனிதர்களைக் கண்டு பயப்படவில்லை என்பது? அது உண்மை. ஆனால் பயம் வேறு, அறிவு வேறு. நம் மொட்டைமாடிப் புறா பூனையைக் கண்டதும் படபடவென்று கிளம்புகிறது என்றால், அதன் முன்னோர்கள் ஆயிரமாயிரம் தலைமுறையாகத் தங்களைத் தின்கிற விலங்குகளோடு வாழ்ந்தார்கள். மொரீசியஸ் எரிமலையால் உண்டான தீவு, எந்தக் கண்டத்தோடும் ஒட்டாதது. மனிதர் வருவதற்கு முன் அங்கே இருந்த பாலூட்டி வௌவால் மட்டும்தான். தரையில் பூனை இல்லை, நரி இல்லை, கீரி இல்லை, எலிகூட இல்லை. பறந்து வந்து சேர்ந்த புறாக்களுக்கு அங்கே பறக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. பறப்பதற்குச் செலவாகும் சக்தி கொஞ்சமல்ல. அது மிச்சமானதும் உடல் வளர்ந்தது, கால் பலப்பட்டது, இறக்கை சிறுத்தது. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயரம், 10 முதல் 18 கிலோ வரை எடை என்று கணக்கிடுகிறார்கள். அந்த இடத்துக்கு அவ்வளவு பொருத்தமாக அமைந்த ஓர் உயிரை, அங்கே இல்லாத ஒன்றுக்கு அது தயாராக இல்லை என்பதற்காக முட்டாள் என்கிறோம்.

டோடோவை உயிரோடு பார்த்ததாகப் பரவலாக ஏற்கப்படுகிற கடைசிச் சாட்சியம் 1662ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கப்பல் உடைந்து கரையேறிய ஃபோல்கர்ட் எவர்ட்ஸ் என்ற டச்சுக்காரர் எழுதியது. பெரிய தீவில் டோடோ அனேகமாக இல்லாமல் போயிருந்த காலம். கடல் வற்றும் நேரத்தில் நடந்தே போகக்கூடிய ஒரு குட்டித் தீவில் சில மிஞ்சியிருந்தன. பசியோடு போனவர்கள் ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கினார்கள். அது கத்தியது. கத்தல் கேட்டதும் மற்றவை அதைக் காப்பாற்ற ஓடி வந்தன. வந்தவையும் பிடிபட்டன.

இந்த வரிகளைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நம் தெருவில் ஒரு காக்கை மின்கம்பியில் அடிபட்டு விழட்டும், ஊர்க் காக்கையெல்லாம் கூடிவிடும். தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தும், கிட்டே போனால் கொத்த வரும். அதைப் பார்த்துக் காக்கையின் ஒற்றுமையைப் பாருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், பாட்டுக் கட்டிப் பாடுகிறோம். அதே காரியத்தை டோடோ செய்தது. காக்கைக்குப் பறக்க இறக்கை இருந்தது, டோடோவுக்கு இல்லை. இந்த ஒரு வித்தியாசத்துக்காக ஒன்றுக்கு ஒற்றுமை என்றும் இன்னொன்றுக்கு மடமை என்றும் பெயர் வைப்பது நியாயமா என்று உங்களைத்தான் கேட்கிறேன்.

இனி எலும்புகளுக்கு வருகிறேன். டோடோவைப் பற்றி நம்பி எழுதக்கூடியவை பெரும்பாலும் எலும்பிலிருந்து வந்தவைதான். தோலும் சதையும் ஒட்டிய மிச்சம் என்று உலகத்தில் இருப்பது ஆக்ஸ்போர்டில் உள்ள ஒரே ஒரு தலையும் ஒரு காலுமே. மற்றவை பெரும்பாலும் மண்ணுக்குள் இருந்து எடுத்தவை. டைனோசர் எலும்புபோல் முழுதாகக் கல்லாக மாறாமல், இன்னும் எலும்பாகவே இருப்பவை. அவற்றில் பெரும்பகுதி மொரீசியஸின் தென்கிழக்கில், இன்றைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சதுப்புக் குட்டையில் கிடைத்தது. அதன் பெயர் மார் ஓ சோஞ்ச். சோஞ்ச் என்றால் அந்த ஊர்க் கிரியோல் மொழியில் சேம்பு. நம் பேச்சில் சொன்னால் சேம்புக் குட்டை.

அந்தக் குட்டையின் கதையைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1865இல் மாயெபூர் என்ற ஊரில் ஜார்ஜ் கிளார்க் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். முப்பது ஆண்டுகளாக டோடோ எலும்பைத் தேடிக்கொண்டிருந்தவர். அந்தச் சமயத்தில் அங்கே ரயில் பாதை போடும் வேலை நடந்தது. அந்த வேலையில் இருந்த ஹிக்கின்சன் என்ற பொறியாளர், சதுப்பு ஒன்றில் மக்கிய கறுப்பு மண்ணை வெட்டிக்கொண்டிருந்த கூலியாட்களைக் கண்டார். மண்ணோடு வந்த எலும்புகளை அவர்கள் தனியாகப் பொறுக்கிக் குவித்து வைத்திருந்தார்கள். செய்தி கிளார்க்குக்குப் போனது. அவர் வந்து கரையில் தேடிப் பார்த்துவிட்டு, பிறகு ஆட்களைக் குட்டையின் நடுவே இறக்கினார். மூன்றடி ஆழத் தண்ணீர். அடியில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. அவர்கள் வெறுங்காலால் சேற்றைத் துழாவினார்கள். காலில் தட்டுப்பட்டதைக் குனிந்து எடுத்தார்கள். முழுதாக ஒரு கால் எலும்பு, இன்னொன்றின் துண்டு, கணுக்காலுக்குக் கீழே வருகிற எலும்பு ஒன்று. டோடோவின் எலும்புகள்.

கொஞ்சம் அங்கேயே நில்லுங்கள். நாற்று நடுகிறவர்களுக்குத் தெரியும், சேற்றுக்குள் காலுக்கும் கண் உண்டு. வேர் எது, கல் எது, நத்தை ஓடு எது என்று பாதம் சொல்லிவிடும். அந்த அறிவோடு இறங்கியவர்கள்தான் டோடோவை வெளியே கொண்டுவந்தார்கள். 1834 முதல் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகளை மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிப் போனார்கள். 1860களில் அந்தத் தீவின் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். கிளார்க்கின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எலும்புகளை வாங்கி ஆராய்ந்த லண்டன் பேராசிரியர் ரிச்சர்ட் ஓவனின் பெயரும் இருக்கிறது. சேற்றில் இறங்கியவர்களைக் 'கூலி' என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள். நம் மொழியில் கூலி என்பது செய்த வேலைக்குக் கொடுக்கிற பணம். அங்கே அது ஆளுக்கே பெயராகிவிட்டது. டோடோவைக் கண்டுபிடித்தவர் யார் என்று வினாத்தாளில் கேட்கும்போது, இந்தப் பாதங்களையும் ஒரு வரியில் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். நான் சொன்னபோது பிள்ளைகள் அத்தனை பேரும் அவரவர் காலைக் குனிந்து பார்த்தார்கள்.

அந்தக் குட்டையை 1940களில் மலேரியாக் கொசுவை ஒழிப்பதற்காகக் கல்லும் சரளையும் கொட்டி மூடிவிட்டார்கள். 2005இல் டச்சு, மொரீசியஸ் ஆய்வாளர்கள் சேர்ந்து மறுபடி திறந்தார்கள். கற்களுக்கு அடியில் எலும்புப் படுகை அப்படியே இருந்தது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் வந்த கடும் வறட்சியில் சுற்றியிருந்த உயிர்களெல்லாம் மிச்சமிருந்த தண்ணீரைத் தேடி அங்கே வந்து, அங்கேயே மடிந்திருக்கின்றன. அதிகம் கிடைத்தது ராட்சத ஆமைகளின் எலும்பு. நடுநடுவே டோடோ, கிளி, வௌவால், மர விதைகள். எனக்கு இதில் முக்கியமாகத் தோன்றுவது ஒன்று உண்டு. அந்த வறட்சியைத் தாண்டியும் டோடோ வாழ்ந்தது. அதன் பிறகு மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் புயலையும் பஞ்சத்தையும் பார்த்துக்கொண்டு அந்தத் தீவில் இருந்தது. 1598இல் டச்சுக் கப்பல்கள் வந்து நங்கூரம் போட்டு நூறு ஆண்டு ஆவதற்குள் இல்லாமல் போனது.

குண்டு என்ற கதையும் எலும்பால்தான் உடைந்தது. ஐரோப்பாவில் சாவெரி என்ற ஓவியர் 1626 வாக்கில் வரைந்த டோடோ மிகப் பருமனானது. அதைப் பார்த்துத்தான் பிறகு வந்த எல்லாப் படமும் வந்தது. ஓவன் சேம்புக் குட்டை எலும்புகளைக் கோத்தபோது அந்த ஓவியத்தின் உருவக்கோட்டுக்குள் எலும்புகளை அடக்கிப் படம் போட்டார். குந்தி உட்கார்ந்த மாதிரி ஒரு பறவை வந்தது. சில ஆண்டுகள் கழித்து அவரே அதைத் திருத்தி, நிமிர்ந்து நிற்கும் பறவையாக மாற்றினார். திருத்தம் யார் கண்ணிலும் படவில்லை, பழைய படமே உலகம் சுற்றியது. நம் புத்தகங்களில் இருப்பதும் அதன் பேரப்பிள்ளைதான்.

ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில் நம் நாட்டில் வரைந்த ஒரு டோடோ ஓவியம் இருக்கிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் 1625ஐ ஒட்டி வரைந்ததாகக் கருதப்படுவது. இன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கிறது. அந்தக் காலத்தில் சூரத்தில் இரண்டு டோடோக்களைப் பார்த்ததாகப் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலப் பயணியும் எழுதியிருக்கிறார். மன்சூரின் டோடோ பழுப்பு நிறத்தில், அளவான உடம்போடு, மற்றப் பறவைகளுக்கு நடுவில் அமைதியாக நிற்கிறது. உயிரோடிருந்த பறவையைப் பார்த்து வரைந்த படங்களில் மிக நம்பகமானவற்றில் ஒன்று என்று ஆய்வாளர்கள் இதைச் சொல்கிறார்கள். அடுத்த பதிப்பில் படம் போடும்போது தயவுசெய்து இதைப் பாருங்கள்.

இன்னொரு எலும்புக்கூடும் இருக்கிறது. மொரீசியஸின் தலைநகரான போர்ட் லூயிஸில் எத்தியேன் திரியூ என்று ஒரு முடிதிருத்துநர் இருந்தார். ஓய்வு நேரத்தில் மலையேறி எலும்பு தேடுவது அவர் பழக்கம். 1904 வாக்கில் லெ பூஸ் மலைப் பகுதியில் ஒரே பறவையின் எலும்புகளை ஏறக்குறைய முழுதாகச் சேர்த்தார். உலகத்தில் மற்ற டோடோ எலும்புக்கூடுகளெல்லாம் பல பறவைகளின் எலும்பைக் கலந்து கோத்தவை. அவர் எடுத்தது மட்டும்தான் ஒரே உயிரினுடையது. நூறு ஆண்டு கழித்து அதை லேசரில் அளந்தபோதுதான் அதுவரை யாரும் விவரிக்காத முழங்கால் சில்லும் கணுக்கால், மணிக்கட்டு எலும்புகளும் தெரியவந்தன. காலைப் பற்றி அண்மையில் வந்த ஆய்வுகள், அது விறுவிறுவென்று நடக்கவும் ஓடவும் வல்ல பறவை என்கின்றன. ஓடத் தெரியாது என்ற வரியையும் எடுத்துவிடலாம்.

எலும்பை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து, 2017இல் டோடோவின் ஆண்டுக் கணக்கையே எழுதிவிட்டார்கள். ஆகஸ்ட் வாக்கில் முட்டையிடும் காலம். குஞ்சு வெகு வேகமாக வளரும், ஏனென்றால் நவம்பருக்குப் பிறகு புயல் காலம், காய்கனி எல்லாம் உதிர்ந்துவிடும். மார்ச்சில் புயல் ஓய்ந்ததும் பழைய இறகு உதிர்ந்து புதிது முளைக்கும். ஐப்பசி கார்த்திகைப் புயலுக்குள் அறுவடையை முடிக்கப் பார்க்கிற நம் டெல்டாப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்குச் சட்டென்று புரியும்.

அடித்துத் தின்றே தீர்த்தார்கள் என்பது அடுத்தது. மாலுமிகள் அடித்தார்கள், தின்றார்கள், இதில் மாற்றமில்லை. ஆக்ஸ்போர்டுத் தலையின் பின்பக்கத்தில் ஈயச் சிதறல்கள் இருப்பதை 2018இல் ஸ்கேனில் கண்டார்கள், அதைத் துப்பாக்கியால் சுட்டிருக்கிறார்கள். ஆனால் டச்சுக்காரர்களே அதை 'வால்க்வோகல்', அதாவது குமட்டும் பறவை என்று எழுதிவைத்தார்கள். வேகவைக்க வேகவைக்க இறைச்சி இறுகியதாம். தீவில் இருந்த டச்சுக்காரர்களும் எந்தக் காலத்திலும் சில நூறு பேருக்கு மேல் இல்லை. அவர்களின் கோட்டை இருந்த இடத்தைத் தோண்டி, தின்று போட்ட எலும்புகளைப் பார்த்தபோது அதில் டோடோ இல்லை.

அப்படியானால் எது தீர்த்தது? கப்பலில் வந்த எலி, பன்றி, குரங்கு, ஆடு. டோடோ தரையில் கூடு கட்டியது. ஒரே ஒரு முட்டை இடும் என்று அந்தக் காலத்துப் பயணி ஒருவர் எழுதியிருக்கிறார். தரையில் கிடக்கிற முட்டையைப் பன்றியும் எலியும் குரங்கும் விட்டுவைக்குமா? கூடவே காட்டை வெட்டினார்கள். பெரிய பறவைகளை யாரும் தொடாமலே, குஞ்சு இல்லாமல் இனம் வற்றிப்போயிருக்கும். இது தின்று தீர்த்ததைவிடக் கொடுமை. பொறுப்பு அப்போதும் மனிதருடையதுதான், தெரிந்து செய்தது கொஞ்சம், தெரியாமல் கொண்டுவந்து விட்டது அதிகம். இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம் ஊர்க் குளத்தை மூடிய ஆகாயத்தாமரையும், கரம்பையெல்லாம் பரவிய சீமைக்கருவேலமும் எங்கிருந்து வந்தன என்று அவர்களே கேட்பார்கள். என் வட்டத்தில் கேட்டார்கள்.

மரத்தின் கதையைப் பற்றி இரண்டு வார்த்தை. தம்பலாகோக் மரத்தின் விதை டோடோவின் வயிற்றுக்குள் போய் வந்தால்தான் முளைக்கும், டோடோ போனதால் 13 கிழட்டு மரம்தான் மிச்சம் என்று 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்பவர் எழுதினார். வான்கோழிக்கு 17 விதை கொடுத்ததில் 3 முளைத்தது என்பது அவருடைய சான்று. வயிற்றுக்குள் போகாத விதைகளை நட்டு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த விதைகள் எந்தப் பறவையின் உதவியும் இல்லாமல் நாற்றங்காலில் முளைத்திருக்கின்றன. மரங்களும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, 300 வயது ஆகாதவையும் அவற்றில் உண்டு. கதை அழகானது, அதனால்தான் இத்தனை ஆண்டு நிற்கிறது. நம் சப்போட்டா, இலுப்பை, மகிழம் எல்லாம் சேர்ந்த குடும்பத்து மரம் அது. டோடோ அதன் பழத்தைத் தின்றிருக்கலாம் என்று எழுதுங்கள், அதுவே போதும்.

காணொளி செய்கிற தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. அமெரிக்க நிறுவனம் ஒன்று டோடோவைத் திரும்பக் கொண்டுவரப் போவதாக 2023இல் அறிவித்த பிறகு, 'டோடோ மீண்டும் வருகிறது' என்று தலைப்பு வைத்து நிறைய வந்துவிட்டது. அவர்கள் சொல்லும் வழி, நிக்கோபார் புறாவின் உயிரணுவில் மரபணுவைத் திருத்தி டோடோ போன்ற ஒன்றை உருவாக்குவது. 'போன்ற' என்ற அந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் கேட்டுவிட்டு, அழிந்தால் என்ன, திரும்பச் செய்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதோடு, இப்போது உயிரோடு இருக்கிற நிக்கோபார் புறாவை ஒரு நிமிடமாவது காட்டுங்கள்.

மேலே சொன்னதையெல்லாம் பேசிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, ஒரு பையன் ஒரு நோட்டைக் கொண்டுவந்தான். அவன் தாய்மாமா மொரீசியஸில் வேலை செய்கிறார், வந்தபோது ஞாபகத்துக்குக் கொடுத்த நூறு ரூபாய் நோட்டு. அதில் இருக்கும் முகம் ரெங்கநாதன் சீனிவாசன், அந்த நாட்டின் தமிழ் வம்சாவளி அரசியல் தலைவர்களில் ஒருவர். நூறு ரூபாய் என்று தமிழிலேயே அச்சடித்திருக்கிறது. 1998இல் புது நோட்டில் தமிழை இந்திக்குப் பின்னே தள்ளியபோது அங்கிருக்கும் தமிழர்கள் எதிர்த்து நின்று, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்தார்கள். பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். டியூப்லைட்டுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். வெள்ளையாக இருந்த இடத்தில் மெல்ல ஒரு தலை தெரிந்தது. வளைந்த பெரிய அலகு. "டோடோ!" என்று கத்தியதில் நூலகர் எட்டிப் பார்த்தார். முட்டாளா என்று கேட்டாளே, அந்தப் பெண் நோட்டைக் கீழே வைக்கவே இல்லை.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்று, அந்த ஏழெட்டு வரிக்குப் பதிலாகப் போடுவதற்கு நானே ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். இது:

"மொரீசியஸ் தீவில் டோடோ என்ற பெரிய புறா வாழ்ந்தது. அதைத் துரத்தும் விலங்கு எதுவும் அங்கே இல்லாததால் அது பறப்பதை விட்டுவிட்டு, பலமான கால்களால் காட்டில் நடந்து திரிந்தது. புயல் வருவதற்குள் தன் குஞ்சை வளர்த்துவிடும். ஒன்று கத்தினால் மற்றவை உதவிக்கு ஓடி வரும். 1598இல் டச்சுக் கப்பல்கள் வந்தன. மனிதர்கள் அதை வேட்டையாடினார்கள், காட்டை வெட்டினார்கள். கப்பலில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் அதன் முட்டைகளைத் தின்றன. நூறு ஆண்டுக்குள் டோடோ அழிந்தது. 1865இல் ஒரு சேம்புக் குட்டையில் இறங்கிய கூலித் தொழிலாளர்கள் வெறுங்காலால் சேற்றைத் துழாவி அதன் எலும்புகளை எடுத்துத் தந்தார்கள். அதன் நெருங்கிய சொந்தமான நிக்கோபார் புறா நம் நாட்டுத் தீவுகளில் இப்போதும் பறக்கிறது."

யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம். வெட்டலாம், கூட்டலாம், என் பெயர் வேண்டாம். வருகிற சனிக்கிழமை அந்தப் பெண்ணிடம் இதைத்தான் வாசிக்கக் கொடுக்கப் போகிறேன். அடுத்த ஆண்டு உங்கள் புத்தகத்திலிருந்தே வாசிக்கக் கொடுக்க முடிந்தால் எனக்கு மிகவும் சந்தோஷம்.

இப்படிக்கு,
சனிக்கிழமை வாசிப்பு வட்டத்து அக்கா